ஏனுங்க, ட்ரம்ஸ் வாசிச்சுப் பிழைக்க முடியுங்களா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோயமுத்தூரில் இருந்துகொண்டு ராக் பேண்டிலும் ரெக்கார்டிங்கிலும் ட்ரம்ஸ் வாசிக்கிறேன். நோம்பி, அதாவது ஊர்க் கோயில் திருவிழாக் காலத்தில் ஆர்கெஸ்ட்ரா, மற்ற நாட்களில் சாயங்காலம் வகுப்பு. பையனைக் கூட்டிக்கொண்டு வரும் அப்பா அம்மா, காலேஜ் பேண்டில் வாசிக்கிற பசங்க, சொந்தமாகப் பாட்டு போட்டு வெளியிட நினைப்பவர்கள் என்று யார் வந்தாலும் கேள்விகள் பெரும்பாலும் இவைதான். ஒவ்வொருவருக்கும் போனில் சொல்வதைவிட ஒரே இடத்தில் எழுதிவைத்துவிடலாம் என்று தோன்றியது.

முதலில் அதைச் சொல்லுங்க. இதில் பிழைக்க முடியுமா, முடியாதா?

முடியும். ஆனால் ராக் மட்டும் வாசித்துப் பிழைக்க இந்த ஊரில் வழியில்லை. காலேஜ் கல்ச்சுரல்ஸ், எப்போதாவது ஒரு பப், வருடத்துக்கு ஓரிரண்டு பெரிய மேடை, அவ்வளவுதான். அந்தப் பணம் ஸ்டிக்குக்கும் பெட்ரோலுக்கும் போய்விடும்.

வருமானம் நாலைந்து வாய்க்காலில் இருந்து வரவேண்டும். மாசி, பங்குனி, சித்திரையில் மாரியம்மன் நோம்பிக் கச்சேரிகள். முகூர்த்த மாதங்களில் கல்யாண ரிசப்ஷன். ஆடியில் கல்யாணம் இருக்காது, அம்மன் கோயில் கச்சேரி இருக்கும். மார்கழியில் அதுவும் குறைவு. அந்த இடைவெளியை வகுப்பும் ரெக்கார்டிங்கும் நிரப்ப வேண்டும். விவசாயம் பார்க்கும் குடும்பத்தில் இதைச் சொன்னால் சட்டென்று புரிந்துகொள்கிறார்கள். மாதச் சம்பளக்காரர்களுக்குத்தான் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கிறது.

செஷன் மியூசிஷியன் என்றால் யார்?

இன்னொருவர் பாட்டுக்குக் கூலிக்கு வாசிப்பவர். பாட்டு இசையமைப்பாளருடையது, ஆல்பம் பாடகருடையது. நமக்கு அன்றைய கால்ஷீட்டும் அதற்கான பணமும். சில சமயம் பெயர் போடுவார்கள், பல சமயம் போடமாட்டார்கள்.

இதில் உலகப் புகழ் பெற்றவர்களும் உண்டு. லாஸ் ஏஞ்சலீஸில் ஹால் பிளெய்ன் என்று ஒருவர். 1960, 70-களில் அமெரிக்காவில் முதலிடம் பிடித்த பாடல்களில் ஏறக்குறைய 40-க்கு இவர்தான் ட்ரம்ஸ். பீச் பாய்ஸ் பேண்டுக்கு மேடையில் வாசித்தவர் டென்னிஸ் வில்சன். அவர்களுடைய ரெக்கார்டு பலவற்றில் வாசித்தவர் பிளெய்ன். கேட்டவர்களில் பாதிப்பேருக்கு அது தெரியாது. பக்கத்தில் பார்ப்பதென்றால், இளையராஜா பாடல்களில் நாம் கேட்டு வளர்ந்த ட்ரம்ஸில் பெரும்பகுதி புருஷோத்தமன் வாசித்தது. ரீ-ரெக்கார்டிங்கில், அதாவது படத்தின் பின்னணி இசைப் பதிவில், குழுவை நடத்தியவரும் அவரே. பாட்டு முழுதும் மனப்பாடமாகத் தெரிந்த ரசிகரிடம் அவர் பெயரைக் கேட்டுப் பாருங்கள்.

இரண்டு பக்கமும் நின்றவர்கள் குறைவு. ஜெஃப் போர்கேரோ டோட்டோ என்ற ராக் பேண்டை ஆரம்பித்தவர்களில் ஒருவர். அதே காலத்தில் லாஸ் ஏஞ்சலீஸில் அதிகம் கூப்பிடப்பட்ட செஷன் ட்ரம்மரும் அவர்தான். 1992-ல் 38 வயதில் இறந்துபோனார். நான் பசங்களுக்கு முதலில் கேட்கச் சொல்வது இவரைத்தான்.

பேண்டில் நன்றாக வாசிக்கிறவன் ரெக்கார்டிங்கில் ஏன் திணறுகிறான்?

மூன்று காரணம் பார்க்கிறேன். முதலாவது கிளிக், வேகம் மாறாமல் இருக்க ஹெட்ஃபோனில் டிக் டிக் என்று ஓடும் சத்தம். பேண்டில் நாலு பேர் சேர்ந்து ஓடினால் கோரஸில் வேகம் கொஞ்சம் ஏறுவது சுகமாகத்தான் இருக்கும். ரெக்கார்டிங்கில் காதுக்குள் கிளிக் போய்க்கொண்டிருக்கும், உங்களுக்கு முன்னாலேயே கீபோர்டும் பாட்டும் அதே கிளிக்கில் பதிவாகியிருக்கும். நிமிடத்துக்கு 120 அடி என்றால் ஒரு அடிக்கு அரை நொடி. அதில் நாலில் ஒரு பங்கு, 125 மில்லி நொடி. ஹை-ஹேட்டில் (காலால் மூடித் திறக்கும் ஜோடித் தட்டு) ஒரு அடிக்கு நாலு என்று பதினாறு வாசிக்கும்போது அந்த இடைவெளி சீராக இல்லையென்றால் கம்ப்யூட்டர் திரையில் கோடு கோடாகத் தெரிந்துவிடும். வாதம் செய்ய முடியாது.

இரண்டாவது, அடியின் கனம். மேடையில் எல்லாவற்றையும் ஓங்கி அடித்துப் பழகியவருக்கு சிம்பல் தட்டுகளிலும் அடி அதே கனத்தில் விழும். மைக் அதை எடுக்கும்போது ஸ்நேர் (முன்னால் இருக்கும் சின்ன ட்ரம்) அமுங்கி, எங்கும் சிம்பல் இரைச்சலாகவே இருக்கும். நல்ல ரெக்கார்டிங் ட்ரம்மர் கிக்கையும் (காலால் அடிக்கும் பெரிய ட்ரம்) ஸ்நேரையும் அழுத்தி, ஹை-ஹேட்டையும் க்ராஷ் சிம்பலையும் தணித்து, கையிலேயே மிக்ஸ் செய்துவிடுவார். ஸ்நேர் அடி ஒவ்வொன்றும் தோலின் ஒரே இடத்தில் விழ வேண்டும். ஒரு மாதம் வாசித்த ஸ்நேரின் தோலைப் பாருங்கள். நடுவில் உள்ளங்கை அளவுக்கு மட்டும் வெள்ளைப் பூச்சு தேய்ந்திருந்தால் ஆள் தேறிவிட்டார். தோல் முழுக்கப் புள்ளி புள்ளியாக இருந்தால் இன்னும் கொஞ்ச நாள் ஆகும்.

மூன்றாவதுதான் பெரிய சிக்கல்: ஆசை. கிடைத்த இடத்தில் எல்லாம் ரோல், அதாவது கடகடவென்று உருட்டல், போட வேண்டும் என்ற ஆசை. பாடகர் வரியை முடித்து மூச்சு வாங்கும் இடம் ட்ரம்மருக்காக விட்ட இடம் என்று நினைத்துவிடுகிறார்கள். அங்கே நாதஸ்வரமோ கிடாரோ வர இருக்கும்.

இந்தத் தொழிலில் ஒருவர் தேறிவிட்டாரா என்பதை இரண்டாவது போன் சொல்லிவிடும். முதல் முறை யாரோ சொல்லிக் கூப்பிடுவார்கள். அதே ஆள் மறுபடி கூப்பிட்டால், வாசித்தது பாட்டுக்கு ஒத்துப்போனது என்று அர்த்தம். நேரத்துக்குப் போனது, ட்ரம்ஸ் கிட்டில் கிரீச் சத்தம் இல்லாதது, சொன்னதை முகம் சுளிக்காமல் திரும்ப வாசித்தது எல்லாம் அதில் சேர்த்தி.

ஆர்கெஸ்ட்ராவில் வாசித்தால் கை கெட்டுப்போகும் என்கிறார்களே?

ராக் பசங்க சொல்கிற பேச்சு இது. எனக்குத் தெரிந்து இந்தப் பக்கத்தில் நல்ல செஷன் ட்ரம்மர்கள் எல்லாரும் ஆர்கெஸ்ட்ராவில் அடிபட்டு வந்தவர்கள்தான்.

ஒரு நோம்பி மேடையை யோசித்துப் பாருங்கள். பிள்ளையார் பாட்டில் தொடங்கி, அம்மன் பாட்டு, எம்ஜிஆர், இளையராஜா, அப்புறம் போன வாரம் வந்த குத்து. நடுவே கூட்டத்தில் இருந்து ஒரு சீட்டு வரும். ஊர் கவுண்டர் கேட்டார் என்று ஒத்திகையே பார்க்காத பாட்டு ஒன்று. பாடகர் கை காட்டுகிற வேகத்தில் எடுக்க வேண்டும். ஒரு பாட்டு வால்ட்ஸ், அடுத்தது திஸ்ர நடை, அதற்கடுத்தது டிஸ்கோ. பக்கத்தில் தபலாக்காரரும் ரிதம் பேடு வாசிப்பவரும் இருப்பார்கள். அவர்கள் எடுத்துக்கொண்ட இடத்தை நாம் விட வேண்டும். பத்து மணிக்கு ஒலிபெருக்கியை நிறுத்தச் சொல்லி போலீஸ் வந்து நிற்பதற்குள் முடிக்க வேண்டும்.

மேடை பெரும்பாலும் பலகை. கிட்டுக்குக் கீழே பவானி ஜமக்காளம் ஒன்றை விரித்து, கிக் ட்ரம்முக்கு முன்னால் ஒரு ரீப்பர் கட்டையை வைத்து ஆணி அடித்துவிடுவோம். இல்லையென்றால் மூன்றாவது குத்துப் பாட்டில் கிக் நகர்ந்து பாடகரின் காலடிக்குப் போய்விடும்.

கெட்டுப்போவது ஒன்று உண்டு: சத்தம். மானிட்டர் (வாசிப்பவருக்குக் கேட்க வைக்கும் ஸ்பீக்கர்) சரியில்லாத மேடைகளில் வருடக்கணக்கில் வாசித்தால் ஓங்கி அடிக்கும் பழக்கம் வந்துவிடும். அதை வீட்டில் மெதுவாக வாசித்துச் சரிசெய்துகொள்ளலாம்.

பம்பை, உறுமி, ஜமாப் மேளம் எல்லாம் கேட்டு வளர்ந்தவனுக்கு ராக் வருமா?

சீக்கிரமே வரும். நம்ம பக்கத்து அடிகளில் நிறைய திஸ்ர நடை, ஒரு அடியை மூன்றாகப் பிரிப்பது. மாரியம்மன் நோம்பியில் கம்பத்தைச் சுற்றி ஆடும்போது அடிப்பதை நினைத்துப் பாருங்கள். வள்ளி கும்மியிலும் அந்த நடை உண்டு. ராக், புளூஸில் ஷஃபிள் என்று சொல்வதும் அடியை மூன்றாகப் பிரித்து நடுவில் உள்ளதை விட்டுவிடுவதுதான். வெளிநாட்டுப் பையன் மெட்ரோனோம் வைத்துப் பழகுகிற அந்த ஆட்டம், ஜமாப்புக்குப் பின்னால் நடந்து வளர்ந்த பையனுக்குக் காலிலேயே இருக்கிறது. அதை நாலு கைகால்களுக்குப் பிரித்துக் கொடுப்பதுதான் என் வேலை.

ஒரு எச்சரிக்கை. உறுமி அடியை அப்படியே கிட்டில் இருக்கும் டாம் ட்ரம்மில் அடித்து ஃபியூஷன் என்று சொன்னால் அது எடுபடாது. உறுமியின் இழுப்பு டாமில் வராது. உறுமிக்காரரையே கூப்பிட்டு உட்காரவைத்து, நீங்கள் கிக்கையும் ஹை-ஹேட்டையும் மட்டும் வாசித்துப் பாருங்கள்.

நோட்டேஷன் படிக்கத் தெரிய வேண்டுமா?

தெரிந்தால் நல்லது. சென்னை ரெக்கார்டிங்கில் தாளில் எழுதித் தருகிற இசையமைப்பாளர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஆனால் தினசரிப் பிழைப்புக்கு வேண்டியது சார்ட். பாட்டை ஒரு தடவை கேட்டுக்கொண்டே எழுதிக்கொள்வது. என் நோட்டில் ஒரு பாட்டு இப்படி இருக்கும் (எண்கள் எல்லாம் பார், அதாவது தாளச் சுற்று):

இன்ட்ரோ 8, கிக் இல்லை. பல்லவி 8 + 8, ஹேட் மூடி. பிஜிஎம்-1: 12, ஒன்பதில் நிறுத்தம், பத்தில் ஸ்நேர் பிக்கப். சரணம் 16, ரைடு சிம்பல். கடைசி 2 பார் காலி. பல்லவிக்குத் திரும்பு, க்ராஷ் வேண்டாம்.

அவ்வளவுதான். 'க்ராஷ் வேண்டாம்' என்பது இசையமைப்பாளர் சொன்னது. அதை எழுதிக்கொள்ளாவிட்டால் கை தானாகப் போய் அடித்துவிடும்.

எந்த வயதில் சேர்க்கலாம்?

கால் பெடலுக்கு எட்டும்போது. அதற்கு முன்னால் பிராக்டிஸ் பேடில் ஒரு ஜோடி ஸ்டிக் போதும். முப்பது வயதில் ஆரம்பித்து நன்றாக வாசிப்பவர்களும் இருக்கிறார்கள்.

டிரினிட்டி, ராக்ஸ்கூல் மாதிரி மியூசிக் கிரேடு பரீட்சை எழுதினால் வேலை கிடைக்குமா?

பள்ளிக்கூடத்தில் இசை ஆசிரியர் வேலைக்குப் போனால் சான்றிதழ் கேட்பார்கள். ரெக்கார்டிங்குக்கு இதுவரை யாரும் கேட்டதில்லை. இரண்டிலுமே 8-வது கிரேடு வரை இருக்கிறது. படிப்படியாகப் போவதால் பயிற்சி ஒழுங்காக நடக்கும், அது நல்ல விஷயம். பரீட்சைப் பாட்டு மூன்றை மட்டும் வருடம் முழுக்க உருப்போடுவதால் ஒரு பலனும் இல்லை.

சென்னைக்குப் போயே ஆக வேண்டுமா?

சினிமாவில் முழுநேரமாக இருக்க வேண்டுமென்றால் ஆமாம். அங்கே சினி மியூசிஷியன்ஸ் யூனியன் இருக்கிறது, கால்ஷீட் முறை இருக்கிறது. காலையில் கூப்பிட்டு மதியம் வரச் சொன்னால் வடபழனியில் இருப்பவர்தான் போக முடியும்.

ஒரு காலத்தில் நிலைமை தலைகீழ். சிங்காநல்லூர் சென்ட்ரல் ஸ்டுடியோவும் பட்சிராஜாவும் ஓடிக்கொண்டிருந்தபோது இசைக் கலைஞர்கள் கோவைக்குத்தான் வந்தார்கள். எம்.எஸ்.விஸ்வநாதன் ஜூபிடர் சினிமா கம்பெனியில் இசையமைப்பாளர் எஸ்.எம்.சுப்பையா நாயுடுவிடம் தொழில் கற்றதே இங்கேதான். படத்தொழில் மதராஸுக்குப் போனது, வாத்தியக்காரர்களும் பின்னாலேயே போனார்கள்.

இப்போது கொஞ்சம் மாறியிருக்கிறது. ரெக்கார்டிங்கை இன்டர்நெட்டில் அனுப்ப முடிவதால், கோவையில் உட்கார்ந்து வாசித்தும் வேலை செய்யலாம். அப்புறம் நம்ம ஊர் இருக்கும் இடத்தைப் பாருங்கள். பாலக்காட்டுக் கணவாய் தாண்டினால் திருச்சூர், அங்கிருந்து கொச்சி. மதியம் கிளம்பினால் சாயங்காலம் சவுண்ட் செக்குக்குப் போய்விடலாம். மதர்ஜேன், தைக்குடம் பிரிட்ஜ் என்று ராக் பேண்டுகளை வளர்த்துவிட்ட ஊர்கள் அவை. இன்னொரு பக்கம் பெங்களூர், சுமார் 360 கிலோமீட்டர். ராக் வாசிக்க ஆசைப்படுகிற கொங்குப் பையனுக்குச் சென்னையைவிட இந்த இரண்டு திசையும் லாபம் என்பது என் எண்ணம்.

வெளியூருக்கு முழு கிட்டும் தூக்கிப் போக வேண்டாம். அங்கே கிட் இருக்கும். சொந்த ஸ்நேர், சிம்பல்கள், கிக் பெடல், ஸ்டிக் மட்டும் கொண்டுபோனால் போதும். உள்ளூர்க் கச்சேரிக்கு மட்டும் குட்டியானை வண்டி பிடிப்போம்.

சுவரில் முட்டை அட்டை ஒட்டினால் சத்தம் வெளியே போகாதுங்களா?

போகும். நாமக்கல் பக்கத்தில் இருப்பதாலோ என்னவோ, இந்தக் கேள்வி வாரம் ஒருமுறை வருகிறது. முட்டை அட்டை கனமில்லாத காகிதக்கூழ். அறைக்குள் எதிரொலிக்கும் கீச்சொலியைக் கொஞ்சம் குறைக்கும், அவ்வளவுதான். பக்கத்து வீட்டுக்குப் போகும் சத்தத்தில் துளிகூடக் குறையாது. அதோடு ஒரு பொறி பட்டால் குப்பென்று பற்றிக்கொள்ளும். தயவுசெய்து ஒட்டாதீர்கள்.

சத்தத்தைத் தடுப்பது கனமும், இடுக்கில்லாமல் மூடுவதும். சுவர் செங்கல் என்றால் பெரும்பாலும் பரவாயில்லை. கதவிடுக்கும் ஜன்னலும்தான் எதிரி. கதவுக்குக் கீழே விரல் நுழையும் இடைவெளி இருந்தால் மற்ற செலவெல்லாம் வீண். கிக் சத்தம் தரை வழியாக இறங்கும். மாடியில் வாசித்தால் கீழ்வீட்டு விளக்கே ஆடும். அதற்கு இரண்டு பிளைவுட் பலகைகளுக்கு நடுவே டென்னிஸ் பந்துகளை வரிசையாக வைத்து, மேலே கிட்டை வைக்கலாம். குறையும், நிற்காது.

அறைக்குள் ஒலி நன்றாக இருக்க வேண்டுமென்றால் நம்ம ஊரிலேயே சாமான் இருக்கிறது. திருப்பூரில் கிலோ கணக்கில் கிடைக்கும் பனியன் வேஸ்டை மரச்சட்டத்துக்குள் கெட்டியாக அடைத்து, மேலே துணி கட்டிச் சுவரில் மாட்டினால் போதும். கிக் உள்ளே வைக்கவும் அதுவே. தரைக்குப் பொள்ளாச்சி தென்னைநார் பாய்.

இத்தனை செய்தாலும் மதியம் ஒன்றிலிருந்து நாலு வரை வாசிக்காதீர்கள். பக்கத்து வீட்டம்மாவிடம் முன்கூட்டியே நேரத்தைச் சொல்லிவிட்டால் பாதிச் சண்டை குறையும்.

பழைய கிட் வாங்கலாமா?

தாராளமாக. ஷெல்லை (ட்ரம்மின் உடல்) வெறுந்தரையில் கவிழ்த்து வைத்து விளிம்பு சீராக உட்காருகிறதா என்று பாருங்கள். வெளிச்சம் தெரிந்தால் வேண்டாம். தோல் மாற்றிக்கொள்ளலாம், அதற்குப் பயப்பட வேண்டியதில்லை. ஸ்டாண்டில் திருகு போயிருந்தால் கவலையே இல்லை. கணபதியிலோ பீளமேட்டிலோ ஒரு லேத் பட்டறையில் கொடுத்தால் கம்பெனி போட்டதைவிடக் கெட்டியாகக் கடைந்து தருவார்கள். ஆரம்பக் கிட்டோடு வரும் பித்தளை சிம்பல் மட்டும் தகரம் மாதிரிக் கத்தும். முதலில் காசு சேர்த்து மாற்ற வேண்டியது அதைத்தான். நல்ல சிம்பல் வெண்கலம், செம்பு 80, ஈயம் 20 என்ற கலவை. இந்த ஈயம் பாத்திரத்துக்குப் பூசுகிற வெள்ளீயம்.

காது கேட்காமல் போகுமா?

பாதுகாக்காவிட்டால் போகும். 85 டெசிபெல் சத்தத்தில் எட்டு மணி நேரம் இருக்கலாம் என்பது அமெரிக்கத் தொழிலிட நல ஆய்வு நிறுவனம் தரும் அளவு. மூன்று டெசிபெல் கூடக்கூட நேரம் பாதியாகும். 100 டெசிபெலில் கால் மணி நேரம்தான். மூடிய அறையில் ட்ரம்ஸ் சாதாரணமாகவே 100-ஐத் தாண்டும். காதடைப்பான் இல்லாமல் வருகிற மாணவரை நான் கிட்டில் உட்காரவிடுவதில்லை. கச்சேரி முடிந்து படுத்தால் காதில் 'ஙொய்' என்று கேட்பதைப் பெருமையாகச் சொல்கிறவர்கள் உண்டு. அது வீரம் இல்லைங்க.

பணத்தை எப்படிப் பேசுவது? ராயல்டி வருமா?

வாய்ப்பேச்சு வேண்டாம். எத்தனை பாட்டு, எத்தனை மணி நேரம், எத்தனை தடவை திருத்தம், பயணச் செலவு யாருடையது என்று வாட்ஸ்அப்பிலாவது எழுதி வாங்குங்கள். பாதி முன்பணம். மீதி, ஃபைல் அனுப்புவதற்கு முன்னால். ஒரு கச்சேரி ஏற்பாட்டாளர் நாலு மாதம் 'நாளைக்கு போட்டுடறேன்' என்றே ஓட்டியதற்குப் பிறகு இந்த வரிசையை நான் மாற்றுவதே இல்லை. கம்பெனிகள் கொடுக்கும் பணத்தில் பெரும்பாலும் டிடிஎஸ் என்று வருமான வரி பிடித்துத்தான் வரும். கணக்குத் தாக்கல் செய்தால், வரி அந்தளவு இல்லாதவர்களுக்குத் திரும்பக் கிடைக்கும். நம்ம ஆட்கள் பாதிப்பேர் தாக்கலே செய்வதில்லை.

ராயல்டி சிக்கலான விஷயம். 1994 திருத்தத்திலிருந்து நம்ம பதிப்புரிமைச் (காப்பிரைட்) சட்டத்தில் வாசிப்பவருக்கும் உரிமை உண்டு, அது 50 வருடம். 2012 திருத்தம் வணிகப் பயன்பாட்டில் ராயல்டி உரிமையையும் சேர்த்தது. நடைமுறையில் செஷன் ஆட்களுக்குக் கிடைப்பது அன்றைய கூலி. அடியை நாமே யோசித்து வாசித்தாலும் இசையமைத்தவர் பட்டியலில் நம் பெயர் வராது. கிளைட் ஸ்டபிள்ஃபீல்டு கதை தெரியுமா? அமெரிக்கப் பாடகர் ஜேம்ஸ் பிரவுன் குழுவில் அவர் வாசித்த சில நொடி ட்ரம்ஸை ஆயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்களில் வெட்டி ஒட்டினார்கள். அவருக்கு ராயல்டி வரவில்லை. பாட்டை எழுதியவராக அவர் பெயர் இல்லை என்பதுதான் காரணம். ஆகவே ஒரு சுயாதீனப் பாட்டில் உங்கள் அடிதான் பாட்டின் அடையாளம் என்றால், ரெக்கார்டிங்குக்கு முன்பே பங்கு பேசுங்கள். வெளியான பிறகு பேசினால் நட்புதான் கெடும்.

கம்ப்யூட்டரிலேயே ட்ரம்ஸ் போட்டுவிடுகிறார்களே?

போடுகிறார்கள். லின், ரோலண்ட் கம்பெனிகளின் ட்ரம் மெஷின்கள் 1980-லேயே வந்துவிட்டன. தொண்ணூறுகளுக்குப் பிறகு தமிழ்ப் பாட்டில் ட்ரம்மரைக் கூப்பிடுவது வெகுவாகக் குறைந்தது. திரும்பி வராது, அதை நம்பி ஏங்க வேண்டாம். ராக் பாட்டு, மேடைக் கச்சேரி, பின்னணி இசையில் பெரிய இடங்கள் இவற்றுக்கு இன்னும் ஆள் தேடுகிறார்கள். மெஷினோடு சேர்ந்து வாசிக்கத் தெரிந்தவருக்கு அதில் முதலிடம்.

பொண்ணுக்குச் சொல்லித் தருவீங்களா?

தருவேன். ஷீலா ஈ, சிண்டி பிளாக்மேன் வாசிப்பதை வீடியோவில் காட்டுங்கள், அப்புறம் பாப்பாவே உங்களைக் கூட்டிக்கொண்டு வந்துவிடும்.

பாட்டு அனுப்பினால் வாசித்து அனுப்புவீங்களா? என்ன தர வேண்டும்?

அனுப்புவேன். எனக்கு வேண்டியவை: ட்ரம்ஸ் இல்லாத பாட்டு ஒன்று, நீங்கள் போட்டுவைத்த மாதிரி ட்ரம்ஸோடு ஒன்று, கிளிக் தனியாக. மூன்றும் பாட்டின் பூஜ்ஜியத்திலிருந்தே தொடங்க வேண்டும். நடுவில் வெட்டி அனுப்பினால் பொருத்திப் பார்ப்பதிலேயே நேரம் போய்விடும். எம்பி3 வேண்டாம், வேவ் ஃபைல், 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். வேகம் எத்தனை என்று எழுதுங்கள், நடுவில் மாறினால் எந்த பாரில் என்றும் எழுதுங்கள். எந்த மாதிரி சத்தம் வேண்டும் என்பதற்கு ஒரு பாட்டு லிங்க் போதும். ஏழு லிங்க் அனுப்பினால் ஏழும் வேறு வேறாக இருக்கிறது.

திருப்பி அனுப்பும்போது கிக், ஸ்நேர், டாம், மேலே தொங்கும் மைக்குகள், அறை மைக் என்று தனித்தனி ஃபைலாகத் தருவேன். இரண்டு தடவை திருத்தம் அந்தப் பணத்திலேயே சேர்த்தி. பங்குனியில் மட்டும் அவசரம் என்று கேட்காதீர்கள். ராத்திரி முழுக்க ஏதாவது ஒரு ஊர் மாரியம்மன் மேடையில் இருப்பேன்.